மாசிக்காய் மரம்

கொங்கு நாட்டின் மேட்டாங்காடுகளிலே வெள்வேலும் உசிலும் வேம்பும் புங்கும் தழைக்கின்றனவேயன்றி, மேனாட்டுப் புத்தகங்கள் விருட்ச ராஜனாகப் போற்றும் ஓக் மரம் ஒன்றேனும் முளைத்து நின்றதாக எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆயினும் அம்மரத்தின் அம்சம் ஒன்று நுழையாத வீடு, என் பால்ய காலத்தில், திருப்பூரைச் சுற்றியிருந்த ஊர்களிலே அநேகமாக இல்லையென்றே சொல்லிவிடலாம். பிள்ளை பெற்ற வீடுதோறும் உரைமருந்துப் பெட்டி ஒன்று இருக்கும். அதற்குள் வசம்பு, சுக்கு, ஜாதிக்காய், கடுக்காய் ஆகியவற்றோடு, மேலெல்லாம் சிறு முண்டுகள் எழுந்த, சாம்பல் பூத்த நீலநிறமுள்ள, கையில் எடுத்தால் உருவத்துக்கு மீறிய கனம் தெரிகிற ஓர் உருண்டையும் கிடக்கும். அதுதான் மாசிக்காய். என் அம்மிச்சி அதனைச் சோறு கொதிக்கும் பானையில் இட்டு வேகவைத்து, நிழலில் உலர்த்தி எடுத்து வைத்துக்கொள்வாள். குழந்தைக்குத் தலைக்கு ஊற்றிய நாட்களில், உரைகல்லில் தாய்ப்பால் விட்டு இரண்டு சுற்று இழைத்து, விரல் நுனியில் வழித்து, நாக்கில் தடவுவாள். எத்தனை சுற்று என்பதில் அவளுக்கு இருந்த கண்டிப்பு, பிற்காலத்தில் நான் கண்ட எந்தச் சாயப்பட்டறைத் தராசுக்கும் இருந்ததில்லை.

அக்காய் ஓக் மரத்தினுடையது என்பதை அம்மிச்சியும் அறியாள், அதை விற்ற நாட்டு மருந்துக்கடைக்காரரும் அறியார். நானும் நெடுநாள் அறியவில்லை.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் நொய்யற்கரையை அடுத்த ஒரு பட்டறையில் கணக்கு எழுதும் வேலை எனக்குக் கிடைத்தது. அந்நாளைய திருப்பூர் இன்றைய திருப்பூரன்று; பனியன் என்றாலே வெள்ளைப் பனியன்தான் என்றிருந்த காலம்; சலவைப்பட்டறைகள்தாம் மிகுதி; சாயம் போடுவோர் சிலரே. எங்கள் பட்டறையின் சாய மாஸ்டர், சென்னிமலைத் தறிக்காரர்களுக்கு நூல்சாயம் போட்டுப் பழகிய பெரியவர். சீமைச் சாயப்பொடிகளின் குணங்களெல்லாம் கைவரப்பெற்றிருந்தும், தம் தகப்பனார் காலத்துப் பக்குவங்களை மறக்காதவர். வேலை ஓய்ந்த ஒரு மாலையில், துவர்ப்பு என்பது சாயத்தொழிலில் என்ன காரியம் செய்கிறதென்று நான் கேட்டதற்கு, அவர் வாய்வார்த்தையாக விடை சொல்லாமல், காடாத்துணியில் மூன்று துண்டு கிழித்தார். ஒன்றை வெறும் தண்ணீரில் நனைத்தார். இன்னொன்றைக் கடுக்காய்ப்பொடி ஊறிய நீரிலும், மற்றொன்றை மாசிக்காயை இடித்துக் காய்ச்சிய நீரிலும் முக்கிப் பிழிந்து மூன்றையும் திண்ணையில் விரித்தார். கடுக்காயில் முக்கியது மஞ்சள் ஏறிக் கிடந்தது. மாசிக்காயில் முக்கியதோ, ஈரம் தவிர வேறு வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாமல், ஏறத்தாழ வெள்ளையாகவே இருந்தது. பிறகு அன்னபேதி கரைத்த நீரில் ஒரு குச்சியைத் தோய்த்து, துண்டுக்கு ஒரு சொட்டாக விட்டார். வெறும் துணியில் துருவின் மஞ்சள் படிந்தது. கடுக்காய்த் துணியில் பசுமை கலந்த கருமை எழுந்தது. மாசிக்காய்த் துணியிலோ, சொட்டு விழுந்த இடத்திலிருந்து ஊதாவாகக் கிளம்பிய நிறம், இழை இழையாக ஊர்ந்து, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மையின் கருநீலமாய்க் கெட்டிப்பட்டது. எத்தனை முறை அலசினாலும் அது போகவில்லை.

“பருத்திக்குப் படிகாரம் நேராப் புடிக்காது கண்ணு. நடுவுல ஒரு துவர்ப்பு நின்னு, ஒரு கையில நூலயும் ஒரு கையில படிகாரத்தயும் புடிச்சுக்கோணும். அப்பறந்தான் சாயம் வந்து ஒக்காரும். கடுக்கா மலிவு, ஆனா மஞ்சக் காட்டிப்போடும். இளஞ்சேப்பு, ரோசாப்பூக் கலருன்னா மாசிக்காதான்” என்றார்.

“இது எந்த மரத்துக் காய்ங்க மாஸ்டர்?” என்று கேட்டேன்.

“மரமா? நாட்டு மருந்துக்கடதான் அதுக்கு மரம்” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அந்த விடை என்னை விடவில்லை. எங்கள் கொங்கு நாட்டவரான பெரியசாமித் தூரன் பதிப்பாசிரியராக இருந்து, 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட கலைக்களஞ்சியத்தை நூலகத்தில் புரட்டும் வழக்கம் எனக்கு உண்டு. அவ்வழக்கத்தால் வளர்ந்த தேடல், பிறகு தாவர நூல்கள், சாயத்தொழில் நூல்கள் என்று பலவற்றிலும் என்னை இழுத்துக்கொண்டு போயிற்று. அவற்றால் தெரிந்துகொண்டது இது: மாசிக்காய் எந்தப் பூவிலிருந்தும் உண்டானதன்று. துருக்கி, சிரியா, ஈரான் முதலிய மேற்காசியத் தேசங்களின் வறண்ட மலைச்சரிவுகளிலே, ஆள் உயரத்துக்குச் சற்று மேலாகவோ கீழாகவோ புதர்போல் வளரும் ஒரு ஓக் இனம், குவெர்கஸ் இன்ஃபெக்டோரியா என்பது, இருக்கிறது. மிகச் சிறிய குளவி ஒன்று அதன் இளந்துளிரில் முட்டையிடுகிறது. முட்டை வெடித்துப் புழு வளரத் தொடங்கியதும், மரம் தன் சொந்தத் திசுக்களாலேயே அதைச் சுற்றிலும் உருண்டையாக ஒரு கோட்டை எழுப்பி, அக்கோட்டை முழுவதையும் துவர்ப்பால் நிரப்பிவிடுகிறது. உருண்டையின் எடையில் பாதிக்கு மேல் டானின் என்னும் துவர்ப்புச் சத்தேயாம். புழு குளவியாகி ஓட்டையிட்டு வெளியேறுவதற்கு முன்பு பறித்தவை கருநீலமாகவும் கனமாகவும் இருக்கும். வெளியேறிய பின் பொறுக்கியவை வெளிறி, நெகிழ்ந்து, குண்டூசித் துளையோடு இருக்கும். அம்மிச்சி கடையில் மாசிக்காய் வாங்கும்போது ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, துளையிட்டதைத் தள்ளிவிட்டு நீலத்தை மட்டும் பொறுக்கிய காரணம் எனக்கு அன்றுதான் விளங்கிற்று. அலெப்போ நகரத்து வர்த்தகர்கள் பல நூற்றாண்டுகளாகச் செய்துவந்த தரப்பிரிவினையும் அதுவே.

இம்மரத்துக்கும் சாயத்துக்கும் உள்ள சம்பந்தம் இத்தோடு நிற்பதில்லை. மத்தியதரைக் கடலோரத்தில், முள் விளிம்புள்ள சிற்றிலைகளோடு ஆண்டு முழுவதும் பசுமை மாறாமல் நிற்கும் கெர்மஸ் ஓக் என்ற புதரின்மேல் ஒட்டி வாழும் பூச்சியை உலர்த்தித்தான், பழைய ஐரோப்பாவில் அரசர்களும் மதகுருமார்களும் உடுத்திய செந்நிறத்தைக் காய்ச்சினார்கள். பதினாறாம் நூற்றாண்டில் மெக்ஸிகோவிலிருந்து கொச்சினீல் பூச்சி வந்து சேரும்வரை அதற்கு நிகர் இருக்கவில்லை. நம் தேசத்திலேயே மணிப்பூரில் ஓக் இலையைத் தின்று கூடு கட்டும் புழுவிலிருந்து டஸ்ஸர் பட்டு எடுக்கிறார்கள். நூலும் சாயமுமாகப் பிழைக்கிற ஊரில் பிறந்த எனக்கு, இந்த மரத்தைப் பிரத்தியட்சமாகக் காணவேண்டுமென்ற ஆசை மேலிட்டதில் ஆச்சரியமில்லை. ஆனால் தென்னாட்டின் காடுகளில் ஓக் இனம் எதுவும் இயற்கையாக வளர்வதில்லை; மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைகள் வேறு குடும்பத்து மரங்களால் ஆனவை. ஆசை ஆசையாகவே நெடுங்காலம் கிடந்தது.

இதற்கிடையில் ஊர் மாறிற்று. பருத்தி இழையோடு தானே இரசாயனப் பிணைப்புக் கொள்ளும் ரியாக்டிவ் சாயங்கள் 1956-ல் இங்கிலாந்திலிருந்து விற்பனைக்கு வந்தன. எழுபதுகளின் கடைசியில் ஏற்றுமதி தலையெடுத்து, டீ-சர்ட்டுக்கு நூறு ஷேடு கேட்கும் வெளிநாட்டு வியாபாரிகள் திருப்பூரைத் தேடி வரத் தொடங்கியபின், எங்கள் பட்டறைகளில் அவை நிலைபெற்றன. துவர்ப்பு வேண்டாம்; படிகாரம் வேண்டாம்; மாறாக, சாயத்தைத் துணியின்பால் தள்ளுவதற்கு மூட்டை மூட்டையாக உப்பு வேண்டும். விஞ்ச் மெஷினிலிருந்து இறங்கிய அந்த உப்புநீர் நொய்யலில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, பாசனத்துக்கென்று கட்டிய அணையின் நீரைத் திறக்கவேண்டாமென்று உழவர்களே கையெடுத்துக் கும்பிடும் விபரீதம் நேர்ந்ததும், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றத்தின் ஆணையால் சாயப்பட்டறைகள் எல்லாம் ஒரே மூச்சில் மூடப்பட்டதும், பின்னர் கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத சுத்திகரிப்பு ஏற்பாடுகளோடு திறக்கப்பட்டதும் யாவரும் அறிந்த சரித்திரம். மாசிக்காயையும் கடுக்காயையும் கைவிடாதிருந்தால் நொய்யல் பிழைத்திருக்கும் என்று மேடையில் பேசுவோர் இப்போது உண்டு. நான் அவ்வாறு நினைப்பவனல்லன். ஒரு நாள் ஷிப்மெண்டுக்குத் தேவையான துவர்ப்பைக் கொடுக்க அலெப்போ மலைகள் அனைத்தும் போதா. அன்னபேதியும் படிகாரமும் ஆற்றில் கலந்தால் அவையும் அமிர்தமாகிவிடப்போவதில்லை.

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின்பு, டில்லியில் உத்தியோகத்திலிருந்த மகனிடம் போயிருந்த ஒரு மார்கழியில், அவன் நண்பர் ஒருவரின் சிபாரிசினால் குமாவுன் மலைப்பிரதேசத்தைப் பார்க்கும் பாக்கியம் வாய்த்தது. ரயில் காட்கோதாமோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து நைனிதாலுக்கு மலைப்பாதை. வனத்துறையில் காவலராக இருந்து ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர் வழித்துணையாக வந்தார். அப்பக்கத்து வழக்கப்படி அவரை எல்லோரும் ‘தாஜ்யூ’ என்று அழைத்தார்கள். அண்ணா என்பது பொருள். என் ஹிந்தி சந்தைக்கடை ஹிந்தி. அவர் பேசியதோ குமாவுனி கலந்த ஹிந்தி. ஆனாலும் மரத்தைப் பற்றி இருவர் பேசிக்கொள்வதற்கு இலையே போதுமானது என்பதை அந்த மனிதர் எனக்கு நிரூபித்துக் காட்டினார்.

ஏரிக்கரையிலிருந்து, 2,600 மீட்டருக்குச் சற்று மேலாக உயர்ந்து நிற்கும் நைனா சிகரத்துக்கு ஏறும் ஒரே பாதையில், பசுமை மாறாத ஓக் இனங்கள் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. கீழே பாஞ்ச், நடுவே மோரு, உச்சியை நெருங்கும்போது கர்சு. தூரத்திலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே கரும்பச்சைக் காடுதான். அடிமரத்தைப் பார்த்தாலும், பாசியும் பெரணியும் படர்ந்து சொரசொரத்த அந்தப் பட்டைகளில் எனக்கு வேறுபாடு தெரியவில்லை. தாஜ்யூ எந்த மரத்தையும் அண்ணாந்து பார்க்கவில்லை. குனிந்து, உதிர்ந்த இலை ஒன்றை எடுத்து, என் உள்ளங்கையில் குப்புறப் போட்டார்.

பாஞ்சின் இலை, விரல் நீளத்துக்குக் குறையாமல், நுனி கூர்ந்து, விளிம்பு முழுவதும் ரம்பப் பற்கள் கொண்டது. மேற்புறம் மினுமினுப்பற்ற கரும்பச்சை. அடிப்புறமோ, நெருங்கிய நுண்மயிர்கள் போர்த்த தூய வெள்ளை. நகத்தால் சுரண்டினால் அந்த வெண்மை பஞ்சாகத் திரண்டு வருகிறது. மோருவின் இலை சிறியது, இருபுறமும் வழவழத்த பச்சை, புரட்டினாலும் ஏமாற்றமே. கர்சுவின் இலையை அடிப்புறம் பார்த்தவுடன் இனம் கண்டுவிடலாம், அங்கே படிந்திருப்பது வெண்மையன்று, இரும்புத்துருவின் பழுப்பு. கன்று மரங்களிலும் தாழ்ந்த கிளைகளிலும் அதன் விளிம்பு முள் முள்ளாக இருக்க, முதிர்ந்த மரத்தின் உயர்ந்த கிளைகளில் அம்முட்கள் மறைந்து விளிம்பு மழுங்கிவிடுகிறது. ஆகையால் ஒரே மரத்திலிருந்து உதிர்ந்த இரண்டு இலைகளை வைத்துக்கொண்டு இரண்டு மரங்களென்று வாதாடுவோர் உண்டு என்று சொல்லி அவர் சிரித்தார். மேற்புறம் எல்லா மரத்துக்கும் வெயிலைப் பார்த்த முகம். குணம் தெரிவது அடிப்புறத்தில்தான் என்பது அவர் அபிப்பிராயம். துணியின் தரத்தைத் திருப்பிப் பார்த்துத் தையலில் கண்டுபிடிக்கும் எங்கள் செக்கிங் பெண்களின் சாஸ்திரமும் அதுவே ஆகையால், எனக்கு அது உடனே பிடிபட்டது. அச்சமயம் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு காற்று எழுந்து சரிவின்மீது ஏறிற்று. அதுவரையில் கறுத்துக் கிடந்த பாஞ்சுக்காடு முழுவதும் ஒரே கணத்தில் தன் இலைகளைப் புரட்டி வெளுத்தது. காற்று தாண்டியதும் மறுபடியும் கறுத்தது.

பசுமை மாறாத மரம் என்றால் இலையே உதிராத மரம் என்று நம்மில் பலர் எண்ணுகிறார்கள். பாஞ்ச் இலை ஏறக்குறைய ஓராண்டு வாழ்ந்து, வசந்தத்தில் செம்மையும் ஊதாவும் கலந்த புதுத்துளிர் விரியும் வேளையை ஒட்டி உதிர்கிறது. மரம் மட்டும் மொட்டையாக நிற்பதில்லை. அவ்வாறு விழுந்து மக்கிய சருகின் மேல் நான் கைத்தடியை ஊன்றியபோது, அது ஒரு சாண் வரையில் தடையின்றி இறங்கிற்று. மழைநீரைப் பிடித்துவைத்து, நௌலா என்று அவர்கள் வழங்கும் கல்லூற்றுகளுக்கு விடுவது அந்த மெத்தைதான் என்று அம்மலை மக்கள் ஒருமுகமாகச் சொல்கிறார்கள். ஆங்கிலேயர் ஆட்சிக் காலம் தொட்டு, பிசினுக்கும் ரயில்பாதைக் கட்டைகளுக்கும் உதவுகிற சிர் பைன் மரத்துக்கு அளிக்கப்பட்ட சலுகையினால் பாஞ்சுக்காடுகள் சுருங்கி, ஊசியிலைச் சருகில் ஆண்டுதோறும் காட்டுத்தீ பற்றிக்கொள்வதைக் குறித்து தாஜ்யூ வெகுநேரம் பேசினார்; அவர் கோபத்தில் பாதிதான் எனக்கு மொழியாகப் புரிந்தது.

விதை எடுத்துப்போக வேண்டும் என்ற என் எண்ணத்தை நான் வெளியிட்டபோது அவர் முதலில் என்னுடைய ஊரைப் பற்றி விசாரித்தார். திருப்பூர் கடல்மட்டத்துக்கு 300 மீட்டர் உயரத்தில் இருப்பதும், சித்திரையில் அங்கு அடிக்கும் வெயிலும் தெரிந்ததும் தலையை ஆட்டிவிட்டார். பாஞ்சுக்கு ஆயிரத்து இருநூறு மீட்டராவது வேண்டும், குளிர் வேண்டும், வடக்கு பார்த்த சரிவாயிருந்தால் விசேஷம். கோத்தகிரிக்குக் கீழே என் சம்பந்திக்குச் சொந்தமான சிறு தேயிலைத் தோட்டம் உண்டென்றும், அங்கே மார்கழியில் புல்லின்மேல் உறைபனி படியுமென்றும் சொன்ன பிறகுதான் அவர் முகம் தெளிந்தது.

ஓக்கின் கொட்டை, செதில் செதிலான ஒரு சிறு கிண்ணத்தில் பாதி அமிழ்ந்தாற்போல் கிளையில் அமர்ந்திருக்கும். பாஞ்சில் அது பூத்த ஆண்டிலேயே முற்றுவதில்லை; மறு ஆண்டின் குளிர்காலத்தில்தான் பழுத்து விழுகிறது. கர்சுவும் மோருவும் மழைக்காலத்தில் உதிர்ப்பவை. அவற்றுள் கர்சுவின் கொட்டை விழுந்த கையோடு முளைவிட்டுவிடுமாதலால் அதைத் தூரதேசம் கொண்டுபோவது நடவாத காரியம். பாஞ்சிலும் அவசரம் உண்டு. நெல்லையும் கம்பையும் காயவைத்துக் குதிரில் கொட்டி மறு பட்டத்துக்கு விதைக்கிற நம் உழவருக்கு இது விபரீதமாகத் தோன்றும்: இந்தக் கொட்டை உலர்ந்தால் செத்தது. தாஜ்யூ, குரங்கும் பறவையும் தீண்டாதவையாகப் பார்த்துப் பொறுக்கிய கொட்டைகளை ஒரு வாளித் தண்ணீரில் கொட்டினார். மிதந்தவற்றை, உள்ளே வண்டு குடியிருக்கிறதென்று சொல்லி, வழித்து எறிந்தார். மூழ்கியவற்றை ஈரப்பாசியில் பொதிந்து துணிப்பையில் கட்டினார். கடைசியாக, தாய்மரத்தடியிலிருந்து இரண்டு கை மக்கு மண்ணையும் அள்ளித் தனியே ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். ஓக்கின் வேரோடு கூடி வாழ்ந்து, அதற்கு உணவு தேடிக் கொடுக்கும் பூஞ்சைகள் அம்மண்ணில் இருக்கின்றன என்பது விஞ்ஞானிகள் சொல்லும் காரணம். தாஜ்யூ சொன்ன காரணம் வேறு: “மகளைக் கட்டிக் கொடுக்கும்போது தாய்வீட்டுச் சீர் இல்லாமலா அனுப்புவார்கள்?”

டில்லியில் தாமதிக்காமல் ஊர் திரும்பி, கோத்தகிரிக்கு ஏறினேன். சம்பந்தி, தேயிலை நாற்றுக்கு வாங்கி வைத்திருந்த பாலித்தீன் பைகளை எடுத்து நீட்டினார்; அவை போதா. ஓக்கின் கொட்டை முதலில் மேலே எட்டிப் பார்ப்பதில்லை. கீழே ஆணிவேரைத்தான் இறக்குகிறது. பையின் அடியில் இடம் முடிந்துவிட்டால் வேர் சுருண்டு, அச்சுருளே பின்னாளில் மரத்தின் கழுத்தை நெரிக்கும். ஆகவே முழங்கை நீளப் பைகளைத் தருவித்து, அடி திறந்தபடி கம்பிச் சட்டத்தின்மேல் நிறுத்தினோம். திறந்த அடியை எட்டிய வேர்நுனி காற்றுப் பட்டுத் தானே காய்ந்து, பக்கவேர்கள் பெருக அது வழி செய்யும். கொட்டையைப் படுக்கைவாட்டில் வைத்து, இரண்டு விரற்கடை மண் மூடி, மேலே கோழிவலை கட்டினோம். வலை இல்லாவிட்டால் எலிக்கும் முள்ளம்பன்றிக்கும் அன்னதானம்தான். பல வாரங்கள் ஒன்றும் தெரியவில்லை. தோட்டத்துக் கங்காணி தினமும் பைகளை எட்டிப் பார்த்து, என்னைப் பரிதாபத்தோடும் பார்த்தார். கோடைமழை விழுந்த பின் ஒரு காலையில், கறுத்த மண்ணைக் கீறிக்கொண்டு, தீக்குச்சி பருமனில் சிவந்த தண்டுகள் நின்றன. கொட்டையின் பருப்பு இரண்டும் மண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டன. அதனால், மேல்தளிரை ஒரு நத்தை மென்று தீர்த்த பையிலும், சிறிது நாளில் அடியிலிருந்து இன்னொரு தளிர் எழுந்தது.

வளர்ச்சியைப் பற்றிச் சொல்வதானால், பொறுமையற்றவர்கள் இந்த மரத்தின் பக்கம் போகாதிருப்பதே உத்தமம். முதலாண்டில் ஒரு சாண் எழுந்தால் அதிகம். அதனினும் மும்மடங்கு வேர் கீழே போயிருக்கும். பருவமழையில் குழியெடுத்து நட்டு, சருகு மூடாக்குப் போட்டு, காட்டெருமை மிதிக்காமல் வேலி கட்டி, இரண்டு கோடைகளுக்குத் தண்ணீர் ஊற்றினால் அப்புறம் அது தன்னைத்தான் பார்த்துக்கொள்கிறது. சில கன்றுகள் போயின, மற்றவை நின்றன. என் சம்பந்தி தேயிலை விலையைப் பற்றிப் புலம்பும் நேரம் போக மீதி நேரத்தில், ‘உங்க மாசிக்காய் மரம் இன்னும் எனக்கு முட்டி உயரந்தானுங்க’ என்று தொலைபேசியில் பரிகசிப்பார். மாசிக்காய் இதில் காய்க்காது, அதற்கு வேறு இனமும் வேறு குளவியும் வேண்டும் என்று எத்தனை விளக்கினாலும் அவர் அந்தப் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை.

அம்மலையில் ஓக் என்று சொன்னால் எல்லோரும் சுட்டிக்காட்டுவது வேறொரு மரத்தை. தேயிலைக்கு நிழலாகவும், மிளகுக்கொடிக்குத் தாங்கலாகவும் வரிசை வரிசையாக நிற்கும் சில்வர் ஓக் அது; ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது; ஓக் குடும்பத்துக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்தி கூட இல்லை. விசித்திரம் என்னவென்றால், தாஜ்யூவின் சூத்திரம் இங்கே ஒருவனைக் கவிழ்த்துவிடக்கூடும்: அதன் இலைக்கும் அடிப்புறம் வெள்ளைதான். ஆனால் அந்த இலை பெரணியைப்போல் பலவாகப் பிளவுபட்டிருக்கும். பூ, கிளையின் ஒரே பக்கத்தில் சிலிர்த்து நிற்கும் பொன்னிறச் சரம். விதையோ காற்றில் பறக்கும் சிறகுள்ள தட்டைச் சல்லி. கிண்ணத்தில் அமர்ந்த கொட்டை எந்த மரத்தில் இருக்கிறதோ அதுவே ஓக் என்பதில் மட்டும் மயக்கம் வராது. வேகமாக வளர்ந்து சீக்கிரம் விலைபோவதாலே சில்வர் ஓக்கைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அது இல்லாவிட்டால் என் சம்பந்தி தம் மகளுக்கு நகை போட்டிருக்க முடியாது.

இந்தச் செய்தி எப்படியோ பரவி, திருப்பூரில் சிலர் என்னிடம் ஓக் கன்று கேட்டு வருகிறார்கள். 2015-ல் ‘வனத்துக்குள் திருப்பூர்’ என்ற முயற்சி தொடங்கி, ஆண்டுதோறும் லட்சக் கணக்கில் கன்றுகளை நட்டு வருவதிலிருந்து, பனியன் கம்பெனி முதலாளிகளுக்கும் மரம் ஒரு கௌரவமாகிவிட்டது, நல்ல கௌரவந்தான். கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்புகிறேன். நம் மண்ணில் பசுமை மாறாமல் நிற்க நாவலும் மகிழமும் புன்னையும் இருக்கின்றன. துவர்ப்பு வேண்டுமானால் மலையடிவாரத்துக் கடுக்காய் இருக்கிறது. இவற்றின் இலைகளை அடிப்புறம் திருப்பிப் பார்த்து இனம் சொல்லத் தெரிந்தவர்களாக அவர்கள் வந்தால், அப்போது ஓக்கைப் பற்றிப் பேசலாம். சென்ற ஆண்டு வந்த ஒரு இளம் ஏற்றுமதியாளர், இயற்கைச் சாயத்தில் குழந்தைகள் உடுப்பு ஆர்டர் வந்திருக்கிறதென்றும், வெளிர் ரோஜா நிறம் மஞ்சள் தட்டாமல் வரமாட்டேனென்கிறதென்றும் சொன்னார். கடுக்காயை விட்டு மாசிக்காய்க்கு மாறச் சொன்னேன். ஷேடு வந்துவிட்டதாக மறுவாரம் பெட்டி நிறைய இனிப்பு அனுப்பினார்.

கோத்தகிரியில் நின்ற கன்றுகள் இன்று ஓட்டுக்கூரையைத் தாண்டிவிட்டன. கொட்டை இன்னும் வைக்கவில்லை. போன தை மாதம் நான் போயிருந்தபோது, வழியை அடைத்த ஒரு தாழ்கிளையைக் கழிக்க வேண்டியிருந்தது. தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் அம்மாள், சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி இலங்கையின் மலைநாட்டிலிருந்து சிறுபெண்ணாக வந்து சேர்ந்தவர், அக்கிளையைத் தூக்கிக்கொண்டு போய்த் தம் ஆட்டின் முன் போட்டார். இமயமலையில் பாஞ்சுத் தழைக்குத்தான் பெண்கள் காலையில் அரிவாளோடு கிளம்புகிறார்கள் என்று நான் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. ஆடு ஒரு தரம் மோந்தது. பிறகு குச்சி மட்டும் மிஞ்சும்வரை தலை நிமிரவில்லை.

“ஐயா, இது நல்ல மரங்க” என்றார் அந்த அம்மாள். “சில்வர் ஓக்க இது திரும்பியும் பாக்காது. அடுத்த வருஷம் வெதச்சா எனக்கும் ரெண்டு கன்னு குடுங்க, லயத்துக்குப் பின்னால வச்சுக்கிறேன்.”